வட்டார விமானி முதல் பெருநிறுவன விமானி வரை (அமெரிக்கா)
அமெரிக்காவில் பயணிகள் விமானங்களின் விமானிகள் பலர் வட்டார நிறுவனங்களில் எம்ப்ரேயர் 175 போன்ற சிறு ஜெட்களின் துணை விமானியாகத் தொடங்கி, கேப்டனாகி, பிறகு டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் முதலிய பெருநிறுவனங்களுக்குச் செல்கின்றனர். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதையொட்டிய சட்டத்தால் 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் கட்டாயமானது. ராணுவ விமானிகளுக்கு 750 போதும்.

என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ ஆகியவை அமெரிக்கன் குழுமத்தின் துணை நிறுவனங்கள். அங்குள்ளோர் பணிமூப்பு வரிசைப்படி தாய் நிறுவனத்துக்கு மாற வழியுண்டு. ஆனால் பழைய பணிமூப்பு உடன் வராது. அனுபவமிக்க கேப்டனும் புதிய பட்டியலின் அடியில்தான் சேர்கிறார். இது கடுமையான விதியே. விமான வகை, தளம், விடுப்பு எல்லாம் அந்த வரிசை எண்ணைப் பொறுத்தவை. கட்டாய ஓய்வு வயது 65 என்பதால் இளமையில் மாறுவோருக்கே ஆதாயம் அதிகம்.