கப்பலில் வந்த வயிற்றுக் கிருமி

1970-களில் சுங்கை வே தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்கு வந்தவர்கள் வயிறு எரிந்தால் 'கேஸ்ட்ரிக்' என்றார்கள். நேரத்துக்குச் சாப்பிடாததும் மிளகாயும்தான் காரணம் என்றார்கள். மருத்துவர்களே அப்படித்தான் நம்பிய காலம் அது.

1982-இல் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் வயிற்றுப் புண்ணுக்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதைக் கண்டார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் இன்றைய பெயர். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து நோயாளியானார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மலேசியாவில் கதை இன்னும் சுவையானது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுகளில் இக்கிருமி அதிகம் தென்பட்டது இந்தியரிடம். மலாய்க்காரரிடம் மிகக் குறைவு. இரைப்பைப் புற்றுநோயோ சீனரிடம்தான் அதிகம். ஏன் இப்படி?

விடையின் ஒரு பகுதி 'காக்-ஏ' என்ற மரபணுவில் இருக்கிறது. அது உண்டாக்கும் புரதத்தைக் கிருமி ஊசி போடுவதுபோல் இரைப்பைச் செல்லுக்குள் செலுத்துகிறது. கிழக்காசிய வகைப் புரதம் செல்லை அதிகமாகக் குலைக்கும். இந்தியரிடம் பெரும்பாலும் காணப்படுவது மேற்கத்திய வகை. உணவுக்கும் உடல்வாகுக்கும் பங்குண்டு. மரபணு மட்டுமே எல்லாம் அல்ல.

2009-இல் வெளியான மலேசிய ஆய்வொன்று, மலாய்க்காரரின் கிருமிகள் பல இந்தியரின் கிருமிகளுக்கு நெருங்கிய உறவு என்றது. சஞ்சிக்கூலியாகக் கப்பலேறியவர்கள் வயிற்றுக்குள்ளும் ஒன்றைச் சுமந்து வந்தார்கள் போலும்.

புற்றுநோய் குறைவுதானே என்று நம்மவர்கள் நிம்மதியடைய முடியாது. புண்ணும் இரத்தக்கசிவும் இதே கிருமியால் வருபவை. மூச்சுப் பரிசோதனையிலேயே இன்று அதைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு வார மாத்திரையில் பெரும்பாலும் ஒழிக்கலாம். கடையில் வாங்கிக் குடிக்கும் வெள்ளை மருந்து எரிச்சலைத் தணிக்கும், கிருமியைத் தொடாது.