தூய்மையும் இரக்கமும்

தூய்மை என்னுஞ் சொல்லை நாம் அடிக்கடி வழங்குகின்றோம். அதன் பொருளை ஆராய்வோர் சிலரே. தீயன கண்டு விலகி நிற்றலே தூய்மையென்பர் ஒரு சாரார். துன்புறுவோர்க்கு இரங்குதல் அதனின் வேறாய அறமென்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஒன்றையொன்று விட்டு நில்லா என்பதைத் தம் வாழ்க்கையாலேயே விளக்கிய கிறிஸ்தவப் பெரியார் ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

வட அமெரிக்காவில், அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாயிருந்த நியூ ஜெர்ஸியில், 1720-ஆம் ஆண்டு ஜான் உல்மன் பிறந்தார். அவர் குடும்பத்தார் உழவர். குவேக்கர் எனப்படும் நண்பர் சபையைச் சார்ந்தவர். சிறுவராயிருந்தபோது அவர் குஞ்சுகளையுடைய பறவையொன்றைக் கல்லெறிந்து கொன்றார். தாயை இழந்த குஞ்சுகள் பட்டினியால் மெல்ல மடியுமே என்னும் எண்ணம் உடனே அவர் நெஞ்சைச் சுட்டது. அவ்வேதனையினின்றும் அவற்றை விடுவிக்க வேறு வழி காணாது, மரத்திலேறி அவற்றையும் கொன்றார். ஒரு கொடுமை மற்றொரு கொடுமைக்கு வாயிலாதலை அன்று அவர் உணர்ந்தார்.

வாலிபப் பருவத்தில் மவுண்ட் ஹாலி என்னும் ஊரில் ஒரு கடையில் அவர் பணிபுரிந்தார். அவருடைய யஜமானர் தம்மிடம் அடிமையாயிருந்த ஆப்பிரிக்கப் பெண்ணொருத்தியை விற்றுக் கிரயப் பத்திரம் எழுதும்படி பணித்தார். வாங்குவோர் அருகே காத்திருந்தார். அவரும் அச்சபையைச் சார்ந்த முதியவரே. உல்மன் மனங்கலங்கினார், ஆயினும் மறுக்கத் துணியாது எழுதிவிட்டார். அடிமை வைத்திருத்தல் கிறிஸ்து மார்க்கத்திற்குப் பொருந்தாதென்று அவ்விருவரிடத்தும் சொல்லியும், அவர் உள்ளம் அமைதியடையவில்லை. வாய் மறுத்ததைக் கை செய்துவிட்டதன்றோ!

அதன்பின் அத்தகைய பத்திரம் எதனையும் எழுத அவர் இசைந்திலர். ஒருகால் அயலார் ஒருவர் உடலிற் பெருங்காயமுற்று மரண சாசனம் எழுதித்தர வேண்டினார். தம் அடிமைப் பெண்ணை மக்களுள் ஒருவருக்கு விட்டுச்செல்வது அவர் கருத்து. உல்மன் அப்பகுதி நீங்கலாக மற்றெல்லாம் எழுதி, நோயாளியின் படுக்கையருகே சென்று படித்துக்காட்டி, எஞ்சியதைத் தம்மால் எழுதவியலாதென்றும், எழுதியதற்குக் கூலி வேண்டாமென்றும் நட்புரிமையோடு கூறினார். இருவரும் நெடிது உரையாடினர். முடிவில் அவ்வயலார் அப்பெண்ணை விடுதலை செய்ய உடன்பட்டார், சாசனமும் நிறைவெய்தியது. தம் கையைத் தூய்தாக வைத்துக்கொள்வதோடு உல்மன் நின்றிருப்பாராயின் அப்பெண் அடிமையாகவே இருந்திருப்பாள். நோயாளியின்பால் அவர் கொண்ட இரக்கமே அவள் தளையையும் அறுத்தது.

1757-ஆம் ஆண்டு தென்பகுதி நாடுகளில் யாத்திரை செய்தபோது, அடிமைகளை உடையோர் இல்லங்களில் அவர் விருந்தினராய்த் தங்க நேர்ந்தது. அங்குத் தமக்குக் கிடைத்த வசதிகள் கூலியின்றி உழைப்போரின் வியர்வையால் வந்தவை என்றுணர்ந்து, புறப்படுங்கால் அவ்வேலையாட்களுக்குச் சேருமாறு வெள்ளி நாணயங்களை ஈந்து வந்தார். ஆயினும் வீட்டுடையாரை அவர் இகழ்ந்தாரல்லர். அவர்களோடு தனித்திருந்து அன்போடு வழக்குரைத்தார். பிறர் பிழையைக் காட்டியதுபோலவே தம் பிழையையும் அவர் மறைத்திலர். முன்னொருகால் ஒரு சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தபோது, ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனுடைய ஊழியத்தை அவன் முப்பது வயதடையும்வரை விற்றதில் அவருக்கும் பங்கிருந்தது. பல்லாண்டு கழிந்தபின் அதனை நினைந்து வருந்தி, அக்காலத்தின் ஒரு பகுதிக்குரிய பொருளைத் தாமே கொடுப்பதாகப் பத்திரம் எழுதிக்கொடுத்தார்.

அடிமைமுறையைக் கண்டித்து அவர் எழுதிய நூல் 1754-இல் வெளிவந்தது. 1758-இல் பிலடெல்பியாவிற் கூடிய ஆண்டுச் சபை, அடிமைகளையுடைய உறுப்பினரை நேரிற் கண்டு அறிவுறுத்தச் சிலரை நியமித்தது. அவருள் உல்மனும் ஒருவர்.

பிற்காலத்தில் அவர் சாயந்தோய்த்த ஆடையைத் துறந்தார். சாயம் அழுக்கைப் போக்குவதன்று, மறைப்பதே என்பது அவர் கொள்கை. அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரையையும் விலக்கினார். வெளுத்த ஆடையும் வெளிறிய தொப்பியும் பூண்ட அவரைக் கண்டு நண்பர் சிலரும் விலகி நின்றனர். அதனை அவர் பொறுத்தார்.

1772-இல் இங்கிலாந்து செல்லுங்கால், அலங்கார வேலைப்பாடுடைய அறையில் தங்க மனமின்றி, மாலுமிகளுக்கருகே கப்பலின் கீழ்த்தட்டில் தங்கி, அவர்கள் படும் துன்பத்தைக் கண்டறிந்தார். அந்நாட்டில் விரைவு வண்டிகளின் பொருட்டுக் குதிரைகள் ஓடி மடிவதையும், வண்டியோட்டும் சிறுவர் குளிரால் வருந்துவதையும் கேள்வியுற்று, அவற்றில் ஏறாது கால்நடையாகவே சென்றார். யார்க் நகரத்தில் வைசூரி கண்டு அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள் காலமானார்.

ஒருவர் சாயத்தையும் சர்க்கரையையும் துறப்பதால் உலகம் திருந்துமோ என்று வினவலாம். உல்மன் வாழ்நாளில் அடிமைமுறை ஒழிந்திலது. ஆயின் அவர் மறைந்து நான்காண்டு கழிந்து, 1776-இல், பிலடெல்பியாச் சபை அடிமைகளை விடுவிக்க மறுப்போரைத் தன் உறுப்பினராகக் கொள்ளாதென்று விதித்தது. அந்நாடு முழுவதற்கும் உரிய சட்டம் 1865-இலேயே வந்தது. ஓர் எளிய தையற்காரரின் மனச்சான்று நாட்டின் சட்டத்திற்குத் தொண்ணூறாண்டு முன்னே நடந்தது.

அன்பர்களே! மனிதரைத் தீண்டாது விலகுதல் எளிது. மனிதரின் துயரால் வரும் இலாபத்தைத் தீண்டாது விலகுதலோ அரிது. முன்னது செருக்கை வளர்க்கும், பின்னதே தூய்மை. நாம் உண்ணும் உணவிலும், உடுக்கும் ஆடையிலும், எழுதும் பத்திரத்திலும் யாருடைய கண்ணீர் கலந்துளது என்று ஒருமுறை உசாவுவோமாயின், அப்பெரியார் நடந்த வழியில் நாமும் ஓரடி வைத்தவராவோம்.