பழைய இயந்திரமும் புதிய காற்றும்

ஆரியசாலை, திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை அடுத்துள்ள பகுதி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த அக்கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தி வந்துள்ளனர். நவராத்திரிதோறும் குமாரகோவிலிலிருந்து புறப்பட்டுவரும் வேளிமலைக் குமாரசுவாமி, ஆரியசாலைக் கோவிலில் எழுந்தருளியிருப்பது மரபு. இறைவன் வந்த வழியே அரிசியும் காய்கறியும் வந்தன. நாகர்கோவில், தக்கலை, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைத் தொட்டு வரும் நெடுஞ்சாலையே அவ்வழி.

திருவனந்தபுரத்திற்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1979-ஆம் ஆண்டில்தான். அதுவரை அந்தச் சாலையில் மாட்டு வண்டிக்கு அடுத்தபடியாக மக்கள் நம்பியிருந்தது மோட்டார் இயந்திரத்தையே. திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20-ஆம் நாள் தன் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிற்று. லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணிபுரிந்த சால்ட்டர் என்பார் அதனை அமைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்த 60 காமர் அடிச்சட்டங்களில் பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரங்கள் இருந்தன. அவற்றின் மேற்கூடுகளை உள்ளூர்த் தொழிலாளரே கட்டினர். நாகர்கோவில் வழியே அச்சேவையின் முதல் தடங்களுள் ஒன்று.

அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. பெட்ரோலும் உதிரி உறுப்புகளும் கிடைப்பது அரிதாயிற்று. சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரிவாயுவைக் கொண்டு பஸ்கள் ஓடின, மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் அதற்கென ஒரு வாயுக் கருவியையே தயாரித்தளித்தார். கரிவாயுவோடு நுண்ணிய சாம்பலும் உட்சென்றால் சிலிண்டரின் சுவர் விரைவில் தேயும். புது இயந்திரம் வாங்க வழியில்லை. ஆகவே, தேய்ந்ததைப் பிரித்துப் புதுப்பிக்கும் கலை நம் பட்டறைகளில் தேவையின் காரணமாகவே வேரூன்றியது. 1949-இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் தொழிற்சாலை நிறுவப்பட்ட பின், அக்கலைக்கு வேண்டிய உறுப்புகள் இந்நாட்டிலேயே கிடைக்கலாயின.

அக்கலையின் சாரம் அளவிடுதல். சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. வெப்பமும் அழுத்தமும் மிகுந்த மேற்பகுதியில் தேய்வு அதிகம். வட்டமாக இருந்தது சற்றே நீள்வட்டமாகிவிடும். அதனை அளந்து, ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் இருபது பங்கோ முப்பது பங்கோ அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் ரிங்குகளும் பொருத்துவர். கடைய இடமில்லாதபோது புதிய லைனரை இறக்குவர். கிராங்கு தண்டைச் சாணை பிடித்துப் புதிய பேரிங்குகளை இடுவர். வால்வுகளைப் படியத் தேய்ப்பர். 1957 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாஸடர் கார்கள் பல, இவ்வாறு ஒரு பிறவியிலேயே பல பிறவி எடுத்தவை.

இனி டர்போசார்ஜரின் வரலாற்றைக் காண்போம். இயந்திரத்திலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள விசிறியால் மிகுதியான காற்றை உள்ளே செலுத்துவதே அதன் தத்துவம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்காவில் ஸான்போர்ட் மாஸ் என்பவர், பதினாலாயிரம் அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின்மேல் விமான இயந்திரம் ஒன்றில் இதைச் சோதித்து, மெலிந்த காற்றிலும் அதன் வலிமை குன்றாமல் காக்கலாம் என்று காட்டினார். கப்பல்களுக்கும் லாரிகளுக்கும் பின்னர், 1962-இல் இது விற்பனைக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

வலிமை கூடுவது உண்மையே. ஆனால் அவ்வலிமையைத் தாங்குவது எது? மிகுதியான காற்றோடு மிகுதியான எரிபொருளும் எரியும்போது பிஸ்டன் மீதும் பேரிங்குகள் மீதும் விழும் அழுத்தம் உயர்கிறது, வெப்பமும் உயர்கிறது. ரிங்குகள் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் கசியும். டர்போவின் சக்கரமோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதன் தண்டு மிதப்பது இயந்திரத்தின் எண்ணெயிலேயே. பேரிங்குகள் தளர்ந்து எண்ணெய் அழுத்தம் குறைந்தால் முதலில் அழிவது அந்தத் தண்டுதான். தொட்டியில் வாயு அழுத்தம் மிகுந்தால் டர்போவிலிருந்து எண்ணெய் கீழிறங்காமல் கசிந்து, வண்டி நீலப் புகை கக்கும். குற்றம் புதிய கருவியுடையது என்று தோன்றும். உண்மையில் நோய் பழையது.

ஆகவே நெடுந்தூரம் ஓடிய பெட்ரோல் காருக்கு டர்போ பொருத்த விரும்புவோர் முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். குறைந்த அழுத்தமுள்ள சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி சோதிக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் ரிங்கும் சுவரும் தேய்ந்தன என்பது பொருள். உயராவிடில் வால்வையோ கேஸ்கட்டையோ ஐயுற வேண்டும். புதுப்பிக்கும்போது வலுவான பிஸ்டன்களை இட்டு, அமுக்க விகிதத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்வதும் நலம். இல்லையேல் பெட்ரோல் காலத்திற்கு முன்பே வெடித்து, பிஸ்டனையே உடைக்கும்.

வெளிமாநிலங்களில் வாடகை வண்டியோ சரக்கு வண்டியோ ஓட்டி வாழும் தமிழன்பர் பலருக்கு வண்டியே முதல். அதுவே வீட்டின் அடுப்பெரியும் வழி. அவர்கள் சேமித்த பணம் எதில் முதலில் செல்ல வேண்டும் என்பதே கேள்வி. கண்ணுக்குத் தெரியும் புதிய கருவியிலா, கண்ணுக்குத் தெரியாத பழைய தேய்விலா? போர்க்காலப் பட்டறைகளில் கற்ற பாடம் பின்னதையே காட்டுகிறது. சுவர் உறுதியாக இருந்தால் மாடி கட்டலாம். அளந்து பார்த்துப் பழுதை நீக்கிய இயந்திரத்திற்குப் புதிய காற்று பலம் தரும். அளக்காத இயந்திரத்திற்கு அதுவே பாரமாகும்.