ஒகேனக்கல் மீனின் பூர்வோத்தரம்

பெண்ணாகரத்திலிருந்து மலைச்சாலை இறங்கி, பாறையிடுக்கில் விழுந்து புகையாய் எழும்பும் காவேரியின் முழக்கத்தைக் கேட்டவாறு ஒகேனக்கல் கடைத்தெருவில் நுழைபவனை முதலில் எதிர்கொள்வது அருவியன்று, மிளகாய் பூசிப் பொரிக்கும் மீனின் வாசனையே. ஆயினும் அச்சட்டியில் கிடக்கும் ஜிலேபி ஆப்பிரிக்காவில் தோன்றி, இலங்கை வழியே 1952-இல் மண்டபம் வந்து சேர்ந்த ஜாதி என்பதையோ, கட்லாவுக்கும் காவேரி பிறந்தகமன்று என்பதையோ உண்பவர் விசாரிப்பதில்லை. ருசிக்கு எதற்குப் பூர்வோத்தரம்?

இந்நதிக்கே உரியதென்று தயங்காமல் சொல்லத்தக்க மீன் வேறொன்று உண்டு. முதுகில் திமில் புடைத்த மஹ்சீர் அது. சென்னை ராஜதானியில் ராணுவ வைத்தியராயிருந்த ஜெர்டன் 1849-இல் அதைக் குறிப்பிட்டார், எச். எஸ். தாமஸ் என்னும் சிவில் அதிகாரி 1873-இல் தூண்டில் வித்தையைப் பற்றி எழுதிய நூல் மஹ்சீரின் கீர்த்தியைக் கடல் கடத்திற்று. 1946-இல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு நிறுத்தது. இத்தனை பிரசித்தியிருந்தும் அதற்குச் சாஸ்திரப் பெயர் ஒன்று ஸ்திரப்படவில்லை என்பது விசித்திரமே. இதற்கிடையில், 1970-களில் லோணாவ்ளாப் பண்ணையில் பொரிக்கப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகளை நல்லெண்ணத்தோடு காவேரியில் விட்டார்கள். விருந்தாளி பெருகினான், வீட்டுக்காரன் அருகினான். ஒகேனக்கல்லுக்கு மேலே கன்னட நாட்டுத் தூண்டில்காரர்கள் குறித்துவைத்த கணக்குகளே இதற்குச் சாட்சி. மோயாற்றில் எஞ்சிய மீன்களின் உருவத்தையும் மரபணுவையும் பரிசோதித்து, இது கேரளத்துப் பாம்பாற்றில் முன்பே கண்டு பெயரிடப்பட்ட ‘டோர் ரமாதேவி’யே என்று அறிஞர் துணிந்தது 2018-இல்தான். பாம்பாறு அமராவதியில் கலந்து காவேரியைச் சேர்வது. ஆகவே உறவு பொருத்தமானதே. பெயர் கிடைத்த அவ்வாண்டிலேயே அழிவின் விளிம்பிலுள்ள ஜீவன்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

உயிருள்ள மீன் இன்றைய வம்சத்தைச் சொல்லும். கலப்பு நேருமுன் இருந்த வம்சத்தைச் சொல்ல மாண்ட மீன்தான் வேண்டும். மரபணு இழையோ, செல்லரித்த ஏட்டுச்சுவடியைப்போல, மரணத்துக்குப்பின் துண்டு துண்டாகச் சிதைவது. அச்சிதைவுக்கு உஷ்ணமும் ஈரமும் பரம மித்திரர்கள். நார்வேயின் குளிர்ந்த ஏரிச் சேற்றில் 11,000 முதல் 13,000 ஆண்டுகள் கிடந்த ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறுமீனின் முள்ளிலிருந்து, கடலைவிட்டு நன்னீருக்குக் குடிபெயர்ந்த வம்சத்தின் மரபேட்டைப் படிக்க முடிந்தது. சித்திரை வெயிலில் வேகும் தகடூர்ச் சீமையில், 2022-இல் அகழ்ந்த பெரும்பாலை போன்ற இடங்களில், அத்தகைய பாக்கியத்தை எளிதில் எதிர்பார்ப்பதற்கில்லை.

நம் மண் காக்காததை அந்நியர் அலமாரி காத்திருக்கிறது. சென்னைப் படையின் வைத்தியராயிருந்து, இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்ட பிரான்சிஸ் டே சேகரித்த மீன்கள் லண்டனிலும் கல்கத்தாவிலும் குப்பிகளில் இருக்கின்றன. மேட்டூர் அணை 1934-இல் எழுவதற்கும், வடநாட்டுக் குஞ்சுகள் வருவதற்கும் முற்பட்ட தென்னாட்டு நதிகளின் பிரஜைகள் அவற்றில் உண்டு. இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்தது: மரபணு இழைகளைப் பிணைத்துப் பாழாக்கும் பார்மலின், பதனப் பொருளாகப் புழங்கத் தொடங்கியது 1893-க்குப் பிறகே, டே காலத்தவர் மீனைச் சாராயத்தில்தான் ஊறவைத்தார்கள். மதுவிலக்குப் பிரசாரகர்கள் மன்னிக்க வேண்டும்; பழைய செதில் ஒன்றில் இன்றும் படிக்கத்தக்க எழுத்து மிஞ்சியிருக்குமானால், அதைக் காத்த புண்ணியம் அச்சாராயத்துக்கே சேரும்.