கைகாட்டி இல்லாத தடம்

ரயிலின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அதை நிறுத்துவதன் வரலாறாகவும் வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். அப்படி வாசிக்கும்போது தொழில்நுட்பத்தைவிடப் பழைய கேள்வி ஒன்று மேலெழும்புகிறது: தவறு யாருடையது?

நம் ஊரில் சிக்னலுக்குப் பெயர் கைகாட்டி. நல்ல பெயர். யாரோ கை காட்டுகிறார்கள். இன்னொருவர் கண்ணால் பார்த்துக் கீழ்ப்படிகிறார். குறிக்கும் அதன் பொருளுக்கும் நடுவே ஒரு மனிதக் கண் இருக்கிறது. அது அசந்தால் வாசிப்பு பிசகும். 1962 மே 3 அன்று டோக்கியோவின் மிகாவாஷிமா நிலையத்தருகே ஒரு சரக்கு ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய்த் தடம்புரண்டது. பயணி ரயில் ஒன்று அதில் மோதியது. அதற்குப்பின் சில நிமிடங்கள் இருந்தும் எதிர்த்திசை ரயிலை யாரும் நிறுத்தவில்லை. 160 பேர் செத்துப்போனார்கள்.

அதே ஆண்டுகளில்தான் டோக்கைடோ ஷிங்கான்சென் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கிய அந்த ரயிலின் உச்சவேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 58 மீட்டர். நிற்க இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். கம்பத்து விளக்கைப் பார்த்துப் பிரேக் போடுகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. எனவே கைகாட்டியையே எடுத்துவிட்டார்கள். தண்டவாளத்தில் பாயும் மின்னோட்டத்தின் அதிர்வெண், முன்னால் வழி எவ்வளவு தூரம் காலி என்பதை வண்டிக்குச் சொல்லும். டிரைவரின் முன்னே ஓர் எண் ஒளிரும்: 210, 160, 110, 70, 30. வேகம் அந்த எண்ணை மீறினால் பிரேக் தானே விழும். குறைந்ததும் தானே விடும். முப்பதுக்குக் கீழே வந்தபின் நடைமேடையில் சரியாக நிறுத்துவது மட்டும் மனிதக் கைக்கு மிச்சம். லெவல் கிராசிங் கிடையாது. நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை ரயிலும் கிடையாது. அந்த நேரம் தடத்தைப் பராமரிப்பவர்களுக்கு உரியது. ஷிங்கான்சென் மோதியோ தடம்புரண்டோ பயணி எவரும் இறந்ததில்லை.

இதைக் கண்காணிப்பின் வெற்றி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். உடலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பற்றி நிறையவே பேசியாயிற்று. டிரைவரின் கை எந்திரத்துக்கு அடங்கிப்போனது உண்மைதான். ஆனால் நான் வேறொன்றையும் பார்க்கிறேன். மனிதன் தவறுவான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கட்டப்பட்ட ஏற்பாடு இது. தவறியவனைத் தண்டிப்பதற்கு முன்னால் தவறைத் தாங்கிக்கொள்கிறது. அதில் ஓர் இரக்கம் இருக்கு.

2018 மே 25 அன்று திறக்கப்பட்ட நந்தனம் மெட்ரோ நிலையத்தில் இந்தச் சிந்தனையின் வாரிசைப் பார்க்கலாம். டிரைவர் கதவுகளைக் கவனித்து வண்டியைக் கிளப்புகிறார். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் எந்திரத்தின் வேலை. இதற்கான பணத்தில் பெரும்பங்கு ஜப்பானியக் கடன். ஜப்பானும் 1961இல் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கித்தான் ஷிங்கான்சென் கட்டியது. ஆக, பாதுகாப்பும் கடனாகத்தான் கைமாறி வந்திருக்கிறது.

ஆனால் அந்த ஏற்பாடு எல்லோருக்கும் வந்து சேரவில்லை. 2023 ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டிரைவருக்குக் கிடைத்தது பச்சை சிக்னல். தடமோ பக்கவழிக்குத் திருப்பப்பட்டிருந்தது. சிக்னல் வயரிங் வேலைகளில் நடந்த குறைகளை ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டிக்காட்டியது. கண் சரியாகத்தான் வாசித்தது, குறிதான் பொய் சொன்னது. கைதானவர்கள் மூன்று ஊழியர்கள்.

இங்கேதான் எந்திரத்தின் மீதான நம்பிக்கை தன் எல்லையைத் தொடுகிறது. தவறு டிரைவரின் கேபினிலிருந்து ரிலே அறைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஜப்பானிடமிருந்து கற்க வேண்டியது அந்த ஒளிரும் எண்ணை மட்டுமல்ல. ரயிலே ஓடாத அந்த ஆறு மணிநேரத்தையும்தான். வயரை மாற்றுகிறவனுக்கு அவகாசம் தராமல், விபத்துக்குப்பின் அவனை மட்டும் தேடிப் பிடிக்கிற நிர்வாகம், கைகாட்டிக் காலத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.