ஜெர்மனியில் இருந்த 'மக்கள் நீதிமன்றம்'

நம் ஊரில் மக்கள் நீதிமன்றம் என்றால் லோக் அதாலத். விபத்து இழப்பீடு, வங்கிக் கடன் போன்ற வழக்குகளை இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் இடம். நீதிபதியுடன் ஒரு சமூக சேவகரும் அங்கே உட்காருவதுண்டு. கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால்தானோ என்னவோ, ஹிட்லரின் ஜெர்மனியிலும் இதே பொருள்படும் பெயரில் ஒரு நீதிமன்றம் இருந்தது என்று படித்தபோது அந்தப் பெயரே என்னை உறுத்தியது.

1933 பிப்ரவரி 27 அன்று பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. பழி கம்யூனிஸ்டுகள் மேல் விழுந்தது. லைப்சிக் நகரில் உச்ச நீதிமன்றம் ஐந்து பேரை விசாரித்தது. அவர்களில் ஒருவர் பல்கேரியாவின் டிமிட்ரோவ். நம் ஊர் பழைய தோழர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். கூண்டில் நின்றுகொண்டே அமைச்சர் கோரிங்கைக் குறுக்கு விசாரணை செய்து திணறடித்தார் மனிதர். டிசம்பர் 23 அன்று தீர்ப்பு வந்தது. வான் டெர் லூபே ஒருவருக்கு மட்டும் மரண தண்டனை, மற்ற நால்வருக்கும் விடுதலை.

ஹிட்லருக்குக் கோபம் தாங்கவில்லை. ஆனால் அந்த நீதிபதிகளை அவர் வீட்டுக்கு அனுப்பவில்லை. நான்கே மாதத்தில், 1934 ஏப்ரல் 24 அன்று, ஒரு சட்டம் வந்தது. தேசத்துரோக வழக்குகள் இனி உச்ச நீதிமன்றத்துக்குப் போகாது, புதிய 'மக்கள் நீதிமன்றம்' அவற்றை விசாரிக்கும் என்றது அந்தச் சட்டம்.

அந்த நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்கு ஐந்து நீதிபதிகள். இருவர் சட்டம் படித்தவர்கள், மூவர் படிக்காதவர்கள். கணக்கைப் பாருங்கள், பெரும்பான்மை யார் கையில்? அந்த மூவரை நியமிப்பவர் ஹிட்லர். கட்சிப் படைகள், ராணுவம், போலீஸ் என்று நம்பகமான இடங்களிலிருந்தே ஆள் எடுத்தார்கள். சாதாரண மக்கள் நீதிபதியோடு அமர்வது ஜெர்மனியில் பழைய வழக்கம்தான். ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் தன் வக்கீலை வைத்துக்கொள்ளக்கூட அனுமதி வாங்க வேண்டும்.

1943 பிப்ரவரி 18 அன்று மியூனிக் பல்கலைக்கழகத்தில் துண்டுப் பிரசுரம் போட்டதற்காக ஹான்ஸ் ஷோல், அவர் தங்கை சோஃபி இருவரும் பிடிபட்டார்கள். அடுத்து நண்பர் புரோப்ஸ்டும் கைதானார். 22-ஆம் தேதி விசாரணை. தலைமை நீதிபதி ஃபிரைஸ்லர் பெர்லினிலிருந்தே வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த படிக்காத நீதிபதிகள் மூவரில் ஒருவர் எஸ்.எஸ். படையின் உயர் அதிகாரி, மற்ற இருவர் எஸ்.ஏ. படையின் உயர் அதிகாரிகள். 'மக்கள்' என்ற பெயரில் அந்த மேடையில் இருந்தவர்கள் இவர்கள்தான். அன்றைக்கே தீர்ப்பு, அன்று மாலையே மூவரின் தலையும் வெட்டப்பட்டது. சோஃபிக்கு வயது 21.

படிக்காதவர்கள் மேல் மட்டும் பழி போடுவது நியாயமல்ல. ஃபிரைஸ்லர் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கைதிகளை நோக்கிக் கத்தியது அவர்தான். 1944 ஜூலை சதி வழக்கில் அவர் போட்ட கூச்சலைப் படமே பிடித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர்களின் வேலை, பெரும்பாலும், தலையாட்டுவது. 1941-இல் 102 மரண தண்டனை விதித்த நீதிமன்றம், அவர் தலைமைக்கு வந்த 1942-இல் 1,192 விதித்தது. மொத்தம் 5,000-க்கும் மேல். 1945 பிப்ரவரியில் விமானக் குண்டுவீச்சில் அவர் செத்தார்.

போருக்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் ஜீரணமாகவில்லை. அவரோடு உட்கார்ந்து பல மரண தண்டனைகளுக்கு ஓட்டுப் போட்ட ரேஸே என்ற நீதிபதிக்கு 1967-இல் ஐந்து வருடச் சிறை கிடைத்தது. மறு வருடமே மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, மறு விசாரணையில் அவர் விடுதலையானார். அந்த நீதிமன்றத்தின் சட்டம் படித்த நீதிபதிகளில் ஒருவர் மீதும் மேற்கு ஜெர்மனியில் தண்டனை கடைசிவரை நிற்கவில்லை. அது நீதிமன்றமே அல்ல, பயங்கரக் கருவி என்று 1985-இல்தான் அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அதன் தீர்ப்புகளைச் சட்டம் போட்டு ரத்து செய்ய 1998 ஆயிற்று.