வெறுப்பைப் பாடத்திலிருந்து நீக்கியவர்கள்: சீலிஸ்பெர்க் முதல் வத்திக்கான் வரை

மத வெறுப்பை எதிர்க்க இருபதாம் நூற்றாண்டில் நடந்த முயற்சிகளில், யூதர்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து செய்த வேலை தனித்து நிற்கிறது. மேடையில் கூடி நல்லிணக்கம் பேசுவதோடு அவர்கள் நிற்கவில்லை. மறைக்கல்விப் புத்தகத்திலும் பிரசங்கத்திலும் வழிபாட்டு மன்றாட்டிலும் எந்தச் சொல் வெறுப்பை வளர்க்கிறது என்று தேடினார்கள். கண்டதைத் திருத்தவும் வைத்தார்கள். அந்த வேலையின் முதல் பெரிய மைல்கல் 1947இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பெர்க் கிராமத்தில் நடப்பட்டது.

ஐரோப்பாவில் யூதர்கள்மீது சுமத்தப்பட்ட பழிகளுக்குத் தாய்ப்பழி ஒன்று உண்டு: இயேசுவைக் கொன்றவர்கள் யூதர்கள், அதனால் அந்த இனமே கடவுளின் சாபத்துக்கு ஆளானது என்பது. சிலுவைத் தண்டனையை விதித்தவர் ரோமானிய ஆளுநர் பிலாத்து. இயேசுவும் அவருடைய தாயும் சீடர்களும் யூதர்களே. ஆனாலும் பழி தலைமுறை தலைமுறையாகப் போதிக்கப்பட்டது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், யூதர்களும் முஸ்லிம்களும் உடையாலேயே வேறுபடுத்தி அறியப்பட வேண்டும் என்று விதித்தது. 1290இல் இங்கிலாந்தும் 1492இல் ஸ்பெயினும் யூதர்களை வெளியேற்றின. சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூதரும் 1543இல் யூதர்களுக்கு எதிராகக் கடுமையான நூல் எழுதினார். நாஜிகளின் இனவாதம் வேறு வகைப்பட்டது. ஆனால் அது வேர்விட்ட மண் நெடுங்காலமாகவே பதப்பட்டிருந்தது.

இரு சமயத்தாரும் சேர்ந்து இயங்கும் அமைப்புகள் இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே தோன்றின. அமெரிக்காவில் கத்தோலிக்கர்கள்மீதும் யூதர்கள்மீதும் காழ்ப்பு பெருகிய காலத்தில், 1927இல், கிறிஸ்தவர்-யூதர் தேசிய மாநாடு என்ற அமைப்பு உருவானது. 1933இல் அதன் சார்பில் ஒரு கத்தோலிக்கக் குரு, ஒரு புரொட்டஸ்டன்ட் போதகர், ஒரு ரபி ஆகிய மூவர் ஒன்றாகப் பயணம் செய்து, பல நகரங்களில் ஒரே மேடையில் பேசினார்கள். பிரிட்டனில் கேண்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிளும் தலைமை ரபி ஜோசப் ஹெர்ட்ஸும் முன்னின்று, 1942இல் கிறிஸ்தவர்-யூதர் பேரவையைத் தொடங்கினார்கள்.

வெறுப்பின் வேரைப் பாடத்தில் தேடச் செய்தவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் இசாக். 1877இல் பிறந்த அவர், பிரெஞ்சுப் பள்ளிகளில் பல தலைமுறையினர் படித்த ‘மாலே-இசாக்’ வரலாற்றுப் பாடநூல்களின் ஆசிரியர். கல்வித் துறையில் தலைமை ஆய்வாளராகவும் இருந்தவர். 1940இல், நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு கொண்டுவந்த யூத விரோதச் சட்டம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1943 அக்டோபரில் ரியோம் நகரில் நாஜி ரகசியக் காவல்படையான கெஸ்டபோ வந்தபோது அவர் அங்கு இல்லாததால் தப்பினார். பிடிபட்ட அவருடைய மனைவியும் மகளும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். எழுதத் தொடங்கிய நூலை முடித்துவிடும்படி தடுப்பு முகாமிலிருந்து மனைவி அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தார். தலைமறைவாக இருந்தபடியே எழுதிய அந்த நூல், ‘இயேசுவும் இஸ்ரயேலும்’ என்ற பெயரில் 1948இல் வெளிவந்தது.

இசாக்கின் வழி எளிமையானது. நற்செய்தி நூல்கள் உண்மையில் சொல்வதை ஒரு பக்கம் வைத்தார். விளக்கவுரைகளும் மறைக்கல்விப் புத்தகங்களும் அவற்றின் பெயரால் சொல்வதை மறுபக்கம் வைத்தார். யூதர்கள் நாடிழந்து சிதறியது இயேசுவைக் கொன்றதற்கான தண்டனை என்று பாடநூல்கள் சொல்லின. இயேசு பிறப்பதற்கு முன்பே யூதர்கள் பெரும் எண்ணிக்கையில் பாலஸ்தீனத்துக்கு வெளியே வாழ்ந்தார்கள் என்பதை அவர் காட்டினார். இயேசுவின் காலத்தில் யூத சமயம் உயிரற்ற சடங்காகச் சீரழிந்திருந்தது என்ற கூற்றையும், யூத இனமே கடவுளைக் கொன்றது என்ற குற்றச்சாட்டையும் இப்படியே ஆராய்ந்தார். இந்த மரபுக்கு அவர் வைத்த பெயர் ‘இகழ்ச்சியின் போதனை’.

போர் முடிந்தும் பழைய பொய்கள் சாகவில்லை. 1946 ஜூலை 4 அன்று போலந்தின் கியெல்ட்சே நகரில், யூதர்கள் தன்னை ஒரு வீட்டு நிலவறையில் அடைத்து வைத்ததாக ஒரு சிறுவன் சொன்ன கதை பரவியது. அந்த வீட்டுக்கு நிலவறையே கிடையாது. ஆனாலும் கும்பல் திரண்டது. நாஜி முகாம்களுக்குத் தப்பி ஊர் திரும்பியவர்கள் உட்பட 42 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதே கோடையில் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய கிறிஸ்தவர்-யூதர் மாநாடு, யூத வெறுப்பைப் பற்றி மட்டும் பேச அவசரக் கூட்டம் ஒன்றைக் கூட்ட முடிவு செய்தது. அந்தக் கூட்டமே 1947 ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 5 வரை சீலிஸ்பெர்க்கில் நடந்தது. 19 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 65 பேர் வந்திருந்தார்கள். இசாக் 18 அம்சத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை அடிப்படையாகக் கொண்டு, யூதப் பிரதிநிதிகளோடு கலந்து பேசி, கிறிஸ்தவர்கள் தங்கள் திருச்சபைகளுக்கு வகுத்தவையே ‘சீலிஸ்பெர்க் பத்து நெறிகள்’.

முதல் நான்கு நெறிகள் நினைவில் கொள்ள வேண்டியவற்றைச் சொல்கின்றன: பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலும் பேசுபவர் ஒரே கடவுள், இயேசு யூதத் தாய்க்குப் பிறந்தவர், முதல் சீடர்களும் முதல் மறைசாட்சிகளும் யூதர்கள், இறையன்பும் பிறரன்பும் இரு சமயத்தாருக்கும் பொதுவான கட்டளை. எஞ்சிய ஆறும் தவிர்க்க வேண்டியவற்றைச் சொல்கின்றன. கிறிஸ்தவத்தை உயர்த்துவதற்காக யூத சமயத்தைத் தாழ்த்தக் கூடாது. ‘யூதர்’ என்ற சொல்லை இயேசுவின் பகைவர் என்ற பொருளில் மட்டும் ஆளக் கூடாது. இயேசுவின் பாடுகளின் வரலாற்றைச் சொல்லும்போது கொலைப்பழியை யூதர்கள் எல்லார்மீதும், அல்லது யூதர்கள்மீது மட்டும், சுமத்தக் கூடாது. யூத இனம் சபிக்கப்பட்டது என்ற மூடநம்பிக்கைக்கு இடம் தரக் கூடாது. ஞாயிறு வகுப்பு எடுக்கும் ஆசிரியர் மறுநாளே கையாளக்கூடிய அளவுக்கு இவை தெளிவாக இருந்தன.

அடுத்த திருத்தம் வழிபாட்டில் நடந்தது. கத்தோலிக்கர்களின் பெரிய வெள்ளி வழிபாட்டில், யூதர்களுக்கான மன்றாட்டு அவர்களை நம்பிக்கைத் துரோகிகள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் குறித்தது. மற்ற மன்றாட்டுகளுக்கு முழந்தாளிடும் மக்கள் இதற்கு மட்டும் முழந்தாளிடுவதில்லை. 1949இல் இசாக் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸைச் சந்தித்து இதை எடுத்துச் சொன்னார். 1955ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் முழந்தாளிடுவதை மீட்டது. 1959இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அந்தச் சொல்லையே நீக்கினார். 1963 பெரிய வெள்ளியன்று தவறுதலாகப் பழைய வாசகம் படிக்கப்பட்டபோது, வழிபாட்டை நிறுத்தி, மன்றாட்டுகளை மீண்டும் முதலிலிருந்து படிக்கச் செய்தார்.

1960 ஜூன் 13 அன்று, தம் 82ஆம் வயதில், இசாக் யோவானைச் சந்தித்தார். யூதர்களைப் பற்றிய போதனையைத் திருச்சபை அதிகாரபூர்வமாகத் திருத்த வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். அதே ஆண்டு செப்டம்பரில், கத்தோலிக்க ஆயர்கள் கூடவிருந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு இது குறித்து வரைவு தயாரிக்கும் பொறுப்பை யோவான் கர்தினால் அகுஸ்தின் பேயாவிடம் ஒப்படைத்தார். யூத அறிஞர் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் உள்ளிட்டோர் பேயாவோடு கருத்துப் பரிமாறினார்கள்.

வரைவு எளிதில் நிறைவேறவில்லை. இது இஸ்ரேல் அரசுக்குத் தரும் அங்கீகாரமாகிவிடும் என்று அரபு அரசுகள் எதிர்த்தன. தங்கள் மக்களுக்குத் தொல்லை வரும் என்று மத்தியகிழக்கு ஆயர்கள் அஞ்சினார்கள். மரபைக் கைவிடுவதா என்று வேறு சில ஆயர்கள் மறுத்தார்கள். இதற்கிடையே யோவானும் இசாக்கும் 1963இல் சில மாத இடைவெளியில் மறைந்தார்கள். இந்த நெருக்கடிகளால் வரைவு விரிவடைந்தது. இந்து சமயம், பௌத்தம், இஸ்லாம் ஆகியவற்றைப் பற்றியும் மதிப்போடு பேசும் அறிக்கையாக மாறியது. 1965 அக்டோபர் 28 அன்று ‘நோஸ்த்ரா ஏதாத்தே’ என்ற பெயரில், 2,221 ஆதரவு வாக்குகளும் 88 எதிர்ப்பு வாக்குகளும் பெற்று நிறைவேறியது. இயேசுவின் சாவுக்கான பழியை அன்றைய யூதர்கள் அனைவர்மீதும், இன்றைய யூதர்கள்மீதும் சுமத்த முடியாது என்று அது அறிவித்தது.

அதன் பின் திருத்தம் பல திசைகளில் பரவியது. 1986 ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ரோம் நகர யூதத் தொழுகைக்கூடத்துக்குச் சென்றார். அதே ஆண்டு அக்டோபரில் பல சமயத் தலைவர்களை அசிசி நகரில் கூட்டினார். அமெரிக்க லூத்தரன் திருச்சபை லூதரின் யூத விரோத எழுத்துகளை 1994இல் வெளிப்படையாக மறுத்தது. ஜெர்மனியின் ஓபராமெர்காவ் ஊரில் 1634 முதல் நடந்துவரும் பாடுகளின் நாடகத்தை ஹிட்லர் பாராட்டியிருந்தார். பிற்காலத்தில் யூதர்களின் ஆலோசனையோடு அதன் வசனங்கள் மாற்றப்பட்டன. 2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய திறந்த மடலும், சீலிஸ்பெர்க்கின் நான்காம் நெறி போலவே, இறையன்பையும் பிறரன்பையும் பொது நிலமாகக் காட்டியது. 2009இல் பெர்லினில், சீலிஸ்பெர்க் நெறிகளைப் புதுப்பித்துப் பன்னிரண்டு அழைப்புகள் வெளியிடப்பட்டன; இம்முறை அவை கிறிஸ்தவர்களை நோக்கி மட்டுமன்றி யூதர்களை நோக்கியும் பேசின.

அறிக்கையோ மாநாடோ வெறுப்பை ஒரே நாளில் ஒழித்ததில்லை. யூதர்கள்மீதான தாக்குதல்கள் இன்றும் தொடர்கின்றன. ஆனால் கற்பிக்கப்பட்ட வெறுப்பைக் கற்பித்தலாலேயே திருத்த முடியும் என்பதை இந்த வரலாறு நிறுவியது. பாதிக்கப்பட்டவரின் சொல்லைக் கேட்டு, தன் சமயத்தின் பாடத்தைத் தானே திருத்திக்கொள்வது என்ற முறையை அது பிற சமய உரையாடல்களுக்கும் தந்தது.